குரலும் கணினியும்

நுழையும்முன்

மண்ணுக்கு ஒரு மணம் உண்டு. அம்மண்ணில் விளைந்த குரலுக்கும் ஒரு மணம் உண்டு. பிசகிய சுருதியைத் திருத்தவும், பிந்திய சொல்லைத் தாளத்தில் பொருத்தவும் இன்று மென்பொருள்கள் வந்துள்ளன. அவை எவ்வாறு இயங்குகின்றன? எதைத் திருத்தலாம்? எதைத் தொடலாகாது? கரிசல் நிலத்தின் இசைமரபை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

நாடாவில் இணைந்த நாதங்கள்

கோவில்பட்டியை வாழிடமாகக் கொண்டிருந்தவர் நாகசுரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). 1962ஆம் ஆண்டு வெளியான ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் அவருடைய நாகசுரத்தோடு எஸ். ஜானகியின் குரல் இணைந்தொலிக்கும் ஆபேரி இராகப் பாடலைத் தமிழர் இன்றும் மறக்கவில்லை. இசையமைத்தவர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. நாகசுரமும் குரலும் தனித்தனியே பதிவு செய்யப்பட்டுப் பின்னரே ஒன்றாக இணைக்கப்பட்டன.

அக்காலத்தில் ஒலி, காந்த நாடாவில் பதிந்தது. நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். ஆனால் பாடலின் நேரமும் பாதியாகிவிடும். நேரம் மாறாமல் சுருதியை மட்டும் திருத்துவது எளிதன்று. நாகசுரத்தின் சுருதியோ குழலின் நீளத்திற்குக் கட்டுப்பட்டது. ஆகவே, குரலே அதனோடு இழையவேண்டியிருந்தது. அவ்விணைப்பின் அழகு, கலைஞர்களின் பயிற்சியால் விளைந்தது.

எண்களாகும் குரல்

கணினியில் குரல் எண்களின் வரிசையாகப் பதிகிறது. மென்பொருள், ஒலியலையைச் சற்றே நகர்த்தி அதனோடே ஒப்பிட்டு, எவ்வளவு நேரத்திற்கு ஒருமுறை அதே வடிவம் திரும்புகிறது எனக் கணிக்கிறது. அதிலிருந்து அதிர்வெண் கிடைக்கிறது. ஒரு ஸ்தாயியை 1200 ‘சென்ட்’ எனப் பகுப்பர். 440 அதிர்வுகளில் நிற்கவேண்டிய குரல் 430இல் நின்றால், ஏறத்தாழ 40 சென்ட் தாழ்ந்துள்ளது என்பது பொருள். நேரத்தை மாற்றாமலே அக்குறையை மட்டும் மென்பொருள் உயர்த்திவிடும். நாடாவால் பிரிக்க இயலாத சுருதியையும் நேரத்தையும் கணினி பிரித்தது.

இவ்வகையில் புகழ்பெற்ற ‘ஆட்டோ டியூன்’ 1997இல் வெளிவந்தது. இதனை உருவாக்கிய ஆண்டி ஹில்டபிராண்ட், நிலத்தடியில் எண்ணெய் வளம் தேடுவதற்காக அதிர்வலைகளை ஆராய்ந்தவர். மண்ணுக்குள் செலுத்திய ஒலியைப் படிக்கப் பயன்பட்ட கணக்கியல் அறிவு, மனிதக் குரலைப் படிக்கவும் உதவியது.

அசைவே அழகு

திருத்தும் வேகத்தை மிகுதியாக்கினால் குரல் படிக்கட்டில் தாவுவதுபோல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். 1998இல் செர் என்னும் பாடகி பாடிய ‘பிலீவ்’ பாடல் அந்த இயந்திரத்தன்மையையே உத்தியாக்கிப் புகழ்பெற்றது.

நம் இசைக்கு இங்கேதான் சிக்கல் எழுகிறது. தோடி இராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, அசைந்தே ஒலிக்கும். அவ்வசைவைப் பிழையெனக் கருதி மென்பொருள் நிமிர்த்தினால், சுரம் இருக்கும், தோடி இராது. இவ்வசைவைக் ‘கமகம்’ என்பர். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில் 1904ஆம் ஆண்டு வெளியான சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’, கமகங்களுக்கெனத் தனிக் குறியீடுகளை வகுத்து அச்சிட்டது. சுரத்தை மட்டும் எழுதினால் இசை முழுமையாகாது என்பதை அந்நூல் உணர்ந்திருந்தது.

சேர்ந்து பாடுதல்

ஒருவர் பாடியதோடு பிறர் பாடியதை நேரத்தில் ஒன்றச்செய்யும் மென்பொருள்களும் உள்ளன. ஒரு குரலை வழிகாட்டியாகக் கொண்டு, மற்றக் குரல்களின் அசைகளை அவை நீட்டியும் குறுக்கியும் பொருத்துகின்றன. திரையிசைக் குழுப்பாடலுக்கு இது பெருந்துணை. ஆனால், வில்லுப்பாட்டில் புலவருக்குப் பின்னே எழும் பக்கப்பாட்டுக்காரரின் ‘ஆமாம்’ ஒரு நொடிக்கூறு பிந்தியே வரும். கேட்டு உணர்ந்து விடையளிக்கும் நேரம் அது. அதனையும் சரியாக அடுக்கிவிட்டால் உரையாடல் மறைந்து ஒலி மட்டுமே எஞ்சும்.

திருத்தப்பட்ட குரல்களையே கேட்டு வளரும் இளையோர், தம் இயல்பான குரலைக் குறையுடையதென எண்ணிப் பாடுவதையே விட்டுவிடக்கூடும். களத்துமேட்டிலும் கும்மிக் கூட்டத்திலும் கூச்சமின்றி எழுந்த குரல்கள் அவ்வாறு அடங்குமானால், அவ்விழப்பை எந்த மென்பொருளும் ஈடுசெய்யாது.

கம்பைக் குத்திப் புடைத்து உமியைப் போக்குவது தேவை. அளவுக்கு மீறித் தீட்டினால் சத்தும் போய்விடும். எது உமி, எது சத்து என அறியும் செவி மனிதருடையது. அச்செவியைப் பண்படுத்துவதே இசைக்கல்வி. கருவி அதன் பின்னரே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் முதியவர் ஒருவரின் தாலாட்டையோ கும்மிப்பாட்டையோ அவருடைய இசைவுடன் பதிவு செய்து, குரல் அசையும் இடங்களைக் குறிப்பெடுத்து வகுப்பில் விளக்குக.
2. ‘தொழில்நுட்பம் கலைக்குத் துணையா? தடையா?’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

1. சுருதியைத் திருத்துவதில் காந்த நாடாவிற்கும் கணினிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. கமகத்தைப் பிழையெனக் கொள்வதால் விளையும் கேடு யாது?
3. ‘எது உமி, எது சத்து என அறியும் செவி மனிதருடையது’ – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.