தனியார் சொத்தும் சமூக நீதியும்: படுவான்கரை வயற்காணிகள்

மாணவர்களே, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் பெரும் வயல்களை நீங்கள் அறிவீர்கள். அவற்றுட் பல நீண்டகாலம் போடியார் எனப்படும் நிலவுடைமையாளரிடம் இருந்தன. முல்லைக்காரரும் குத்தகை விவசாயிகளும் அவற்றிற் பாடுபட்டனர். விதைநெல்லும் முற்பணமும் போடியாரிடமிருந்து வந்தால், அறுவடையில் அக்கடன் கழிந்து எஞ்சியதே உழைத்தவருக்கு.

இரு பக்கமும் நியாயம் உண்டு. போடியார் முதலிடுகிறார், மழை பொய்த்தால் நட்டமும் அடைகிறார். ஆனால் அடுத்த போகத்துக்கு வயல் கிடைக்குமா என்று அறியாத விவசாயி அவருடன் சமமாகப் பேரம் பேச முடியாது. அரசாங்கம் தலையிடுவதற்குக் காரணம் இதுவே. போடியார் செல்வந்தர் என்பதன்று. விடை எழுதும்போது இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுங்கள்.

விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் காணியின் உரித்தை உரிமையாளரிடமே விட்டது. ஆனால் விளைச்சலில் அரைப்பங்கு வரை பெறப்பட்ட குத்தகையைக் காற்பங்குக்கு மேற்படாதவாறு வரையறுத்தது. குத்தகையாளரை நினைத்தபடி வெளியேற்றுவதையும் தடுத்தது. எனினும் நாட்டின் பல பகுதிகளில் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். வாய்ப்பேச்சில் வயல் பெற்றவர், தாம் குத்தகையாளர் என்பதை எந்தத் தாளைக் காட்டி நிரூபிப்பார்?

1972 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் உடைமைக்கே உச்சவரம்பு விதித்தது. நெற்காணி 25 ஏக்கர், ஏனைய காணி 50 ஏக்கர். மேலதிகக் காணி காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவிடம் சென்றது. உரிமையாளருக்கு நட்டஈடு வழங்கவும் ஏற்பாடு இருந்தது. ஆனால் வரம்பு குடும்பத்துக்கன்றித் தனிநபருக்கே விதிக்கப்பட்டது. எனவே தாய், தந்தை, வயதுவந்த பிள்ளைகள் இருவர் உள்ள வீட்டில் மொத்தம் 100 ஏக்கர் வயல் இருக்கலாம். மட்டக்களப்பில் காணியைச் சீதனமாகப் பெண்கள் பேரில் எழுதும் வழக்கத்தையும் இங்கு நினைவிற் கொள்க.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் சொத்துரிமை தனியான அடிப்படை உரிமையாகக் கூறப்படவில்லை. வளங்களின் நீதியான பகிர்வு 27 ஆம் உறுப்புரையில் உண்டு. ஆனால் 29 ஆம் உறுப்புரையின்படி அதனை நீதிமன்றின் மூலம் வலியுறுத்த முடியாது. ஆகவே சமநிலை எங்கே என்பதைப் பெரும்பாலும் பாராளுமன்றமே தீர்மானிக்கிறது. அதனைத் தெரிவு செய்வோர் போடியாரும் முல்லைக்காரரும். ஆளுக்கு ஒரு வாக்கு.

பயிற்சி வினா: 1958 ஆம் ஆண்டுச் சட்டம் வெற்றி பெற, கிராம மட்டத்தில் என்ன ஏற்பாடு செய்திருக்க வேண்டும்? காரணங்களுடன் எழுதுக.