இணைய நடுநிலை

இராசபாளையம் வட்டாரத்தைச் சேர்ந்த ஆலங்குளத்தின் பெயரிலேயே குளம் இருக்கிறது. மழையை நம்பி வாழும் இப்பகுதியினர் பாசனக் குளத்தைக் கண்மாய் என்பர். கண்மாய் நீரை முறைவைத்து வயல்களுக்கு விடுபவர் நீர்ப்பாய்ச்சி. வயலுக்கு உரியவர் யார், விளைவது நெல்லோ பருத்தியோ என்று பார்த்து மடையைத் திறப்பது அவர் கடமையன்று. மேல்மடைக்காரரிடம் கைக்கூலி பெற்றுக்கொண்டு அவர் கடைமடையைக் காயவிட்டால் ஊரார் பொறுப்பரோ?

இணையமும் ஒருவகை வாய்க்காலே. அதில் பாய்வது செய்தி. மடையைக் காப்பவை தொலைத்தொடர்பு நிறுவனங்கள். எச்செய்தியையும் தடுக்காமலும், தாமதப்படுத்தாமலும், கட்டணத்தில் வேறுபாடு காட்டாமலும் அவை கொண்டு சேர்த்தல் வேண்டும். இந்நெறியே இணைய நடுநிலை எனப்படும். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ 2003 ஆம் ஆண்டில் இப்பெயரை வழங்கினார்.

நம் நாட்டில் இது பெரும் வழக்காக மூண்டது 2015 ஆம் ஆண்டில். அவ்வாண்டு பிப்ரவரியில் பேசுபுக்கு நிறுவனம், ரிலையன்சு கம்யூனிகேசன்சு நிறுவனத்தோடு சேர்ந்து, தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் கட்டணமின்றிக் காணலாம். ஏனையவற்றுக்குப் பணம் செலுத்த வேண்டும். ‘பிரீ பேசிக்சு’ என்று பின்னர் பெயர் பெற்றது இத்திட்டமே.

ஏழைக்கு இலவசமாகக் கிடைப்பதைத் தடுப்பது முறையா என்று கேட்டனர் சிலர். இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. நூலகத்தில் எல்லா நூல்களும் இல்லை, ஆயினும் அது பயன் தருகிறதன்றோ என்று அந்நிறுவனத் தலைவர் மார்க் சக்கர்பெர்க்கும் நாளிதழில் எழுதினார். ஒப்புமை அழகியதுதான். ஆனால், நூலகத்தார் வெளியே உள்ள புத்தகக் கடையின் வாயிலில் நின்று சுங்கம் தண்டுவதில்லை. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா வணிகர் ஒருவர் தமக்கென ஓர் இணையதளம் அமைக்கிறார் என்று கொள்வோம். பெருவணிகரின் தளம் இலவசம், இவருடைய தளத்திற்கு மட்டும் கட்டணம் என்றால், கையில் காசில்லாதவன் எதைத் திறப்பான்? பால்கோவாவின் சுவை அங்கே பேசாது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மக்களின் கருத்தைக் கேட்டிருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் சென்று குவிந்தன. முடிவில், 2016 பிப்ரவரி 8 ஆம் நாள், தளத்திற்குத் தளம் வேறுபட்ட கட்டணம் வாங்குவதை ஆணையம் தடை செய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், மிகுதியாக 50 இலட்சம் ரூபாய் தண்டம். 2018 ஜூலையில் நடுவணரசு, தடுத்தலும் வேகம் குறைத்தலும் கூடா என்னும் நெறியையும் ஏற்றது.

ஏழைகளைப் பற்றிய கவலைக்கு விடை வேறு திசையிலிருந்து வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் களத்தில் இறங்கியபின், போட்டியினால் இணையக் கட்டணம் பெரிதும் வீழ்ந்தது. சில தளங்களை அன்றி, இணையம் முழுவதையும் குறைந்த விலையில் பெற மக்களால் இயன்றது.

எனினும், வழக்கு ஓய்ந்துவிடவில்லை. தங்கள் வலையமைப்பில் மிகுதியான செய்தியைப் பாய்ச்சும் பெருந்தளங்கள் செலவில் பங்கு தரவேண்டும் எனத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்கின்றன. மடையில் சுங்கம் என்னும் பழைய கோரிக்கையே, இம்முறை வயலுக்காரரை விட்டு நீரை அனுப்புபவரிடம் செல்கிறது.