கேள்வித்தாளோடு படியேறும் பிள்ளைக்கு

மக்கா, நாளை முதல் சர்வே வேலைக்கு வீடு வீடாக ஏறப்போகிறாய். கேள்வியை எப்படி வாசிப்பது என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். பதில் எப்படியெல்லாம் சாயும் என்பதைக் கொஞ்சம் என்னிடம் கேட்டுக்கொள்.

1. நம் ஜனங்கள் விவரமானவர்கள். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். எந்தப் பதில் சொன்னால் நல்ல பேர் என்று உனக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். சீதனம் பற்றிக் கேட்டுப் பார். மகளுக்குப் போட்ட பவன் தாராளமாக வரும். மகனுக்கு வாங்கியதோ, ‘நாங்க ஒண்ணும் கேக்கல, அவங்களா போட்டாங்க’ என்று சுருங்கும். தாள்களைக் கூட்டிப் பார்த்தால் இந்த மாவட்டத்தில் கொடுத்தவர்கள் நிறைய உண்டு, வாங்கினவர்களே கிடையாது! அதற்காக யாரையும் பொய்யர் என்று எண்ணிவிடாதே. வந்த பிள்ளை முன்னால் மானமாக இருக்கப் பார்க்கிறார்கள். எந்தப் பதிலும் உனக்கு ஒன்றுதான் என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும். ‘அப்படியா!’ என்று உன் புருவம் ஒருமுறை உயர்ந்தால் போதும், அடுத்த பதிலுக்கு இஸ்திரி போட்டுவிடுவார்கள்.

2. இரக்கப்பட்டுக் கேள்வியை வளைக்காதே. விளவங்கோடு பக்கம் ஒரு பெண் பிள்ளை எங்களோடு வேலை பார்த்தாள். நல்ல மனசு. ‘உங்கள் கணவர் மது அருந்துவாரா?’ என்று தாளில் இருக்கும். அப்படிக் கேட்க அவளுக்குக் கூச்சம். ‘அண்ணன் குடிக்க மாட்டாருல்லா?’ என்று கேட்பாள். ‘இல்ல மக்களே’ என்றே பதில் வரும். அவள் போன தெருவில் குடிகாரரே இல்லை. தெருமுனையில் டாஸ்மாக்கில் மட்டும் கூட்டம் குறையவில்லை. அவர்களுக்குக் கேள்வி புரியவில்லை என்றால் எழுதியிருப்பதையே நிதானமாக மறுபடி வாசி. உன் சொல்லில் விளக்கப் போனால் பதிலும் உன்னுடையதாகிவிடும்.

3. கடற்கரைக்குப் போனால் இன்னும் பொறுமை வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி என்று ஊர் ஊராகத் தாளும் பேனாவுமாக ஆள் வந்தது. 2017-இல் ஒக்கி புயலுக்குப் பிறகு தூத்தூர், வள்ளவிளை பக்கம் மறுபடியும் அதே கதை. பெயர் எழுதினால் பின்னாலேயே நிவாரணம் வரும் என்பது அவர்கள் பட்டறிந்த பாடம். வலை எத்தனை, வள்ளம் எத்தனை என்று நீ கேட்கும்போது, அவர்கள் காதில் விழுவது வேறு கேள்வி. பெரிய ஆய்வுகளும் இதற்குத் தப்பவில்லை. 2018-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76-வது சுற்றில், கழிப்பறை உண்டா என்று கேட்பதற்கு முன்பே, அரசுத் திட்டத்தில் பயன் பெற்றீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னால் ஏதாவது கிடைக்கும் என்ற எண்ணத்தில் பதில் சாய்ந்திருக்கலாம் என்று அந்த அறிக்கையே எச்சரித்தது. ஆகவே உன்னால் எதுவும் வாங்கித் தர முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடு. சிலர் கதவைச் சாத்துவார்கள். சாத்தட்டும். வாக்குக் கொடுத்து வாங்கும் பதில் நமக்கு வேண்டாம்.

4. மருமகளிடம் கேட்ட கேள்விக்கு மாமியார் பதில் சொல்வது நம் ஊர் வழக்கம். சாதாரணக் கேள்வி என்றால் சமாளிக்கலாம். அடி, உதை பற்றியது என்றால் தனிமை கிடைக்காதவரை கேட்கவே கேட்காதே. தேசியக் குடும்பநல ஆய்விலும் அந்தப் பகுதியை வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டும், தனியாக இருக்கும்போதுதான் கேட்பார்கள். காலியாக விட்ட கட்டத்துக்குச் சூப்பர்வைசர் ரெண்டு வார்த்தை திட்டுவார். நீ போன பிறகு அந்தப் பெண்ணுக்கு விழும் அடியை நினைத்துக்கொள்.

5. ‘எந்த ஊரு மக்கா? யாரு வீட்டுப் பிள்ளை? எந்தச் சபை?’ என்று உன்னை அவர்கள் முதலில் பேட்டி எடுப்பார்கள். உன் பெயரையும் பேச்சையும் வைத்து, உன்னிடம் எதைச் சொல்லலாம் என்று அளந்துவிடுவார்கள். இதை முற்றிலும் தவிர்க்க முடியாது. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் காலத்திலேயே ஒரே பகுதியை இரண்டு குழுக்களிடம் தனித்தனியாகக் கொடுத்து, யார் போனதால் கணக்கு மாறுகிறது என்று ஒப்பிட்டிருக்கிறார்கள். உன் வீடுகளுக்கு இன்னொருவரை அனுப்பிச் சரிபார்த்தால் ரோஷப்படாதே.

6. அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) விட்டு வரும் பெண்ணை வந்த கையோடு பிடிக்காதே. முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்; அடுப்பில் இன்னும் உலை வைத்திருக்க மாட்டாள். நீ எதைக் கேட்டாலும் ‘ஆமா, ஆமா’தான். உன்னைச் சீக்கிரம் அனுப்ப அதுதான் வழி. எப்போது வரட்டும் என்று அவளிடமே கேள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் உன் ஞாயிற்றுக்கிழமை போகும், வேறு வழியில்லை.

7. வயது கேட்டால் நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்றே வரும். நீயாக நாற்பத்தேழு என்று திருத்திப் போடாதே. ‘தெரியாது’ என்றால் தெரியாது என்றே குறி. பக்கத்தில் யார் இருந்தார்கள், மணி என்ன, எந்தக் கேள்வியில் குரல் தணிந்தது, இதையெல்லாம் அடுத்த வீட்டுப் படியேறும் முன்பே நோட்டில் எழுதிவிடு. ராத்திரி எழுதலாம் என்று வைத்தால் நாலு வீடும் ஒரு வீடாகக் கலந்துவிடும்.