டன் கணக்கு உயிர் காக்காது

குமாரபாளையத்தில் பெரிய கார் வாங்கக் கிளம்பும் யாரைக் கேட்டாலும் இதே பேச்சுதான்: "ரெண்டு டன்னுக்கு மேல கனம் சார், எது மோதினாலும் உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது." ஃபார்ச்சூனரா, குளோஸ்டரா என்று மாதக்கணக்கில் அலசுகிறார்கள். கடைசியில் எது கனம் என்று பார்த்து அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். இயற்பியல் நடத்துகிறவனால் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

சின்னக் காரோடு மோதினால் கனமான வண்டிக்கு அனுகூலம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் பைபாஸில், சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில், முன்னால் போவதெல்லாம் சின்னக் காரா? டிரெய்லர் லாரி ஒன்று சரக்கோடு சட்டப்படியே 55 டன் வரை இருக்கலாம். அதன் பின்பக்கத்தில் மோதும் இரண்டு டன் எம்மாத்திரம்? பாலத்துச் சுவரும் புளியமரமும் நகர்ந்து கொடுக்காது. வண்டியின் இயக்க ஆற்றலை வண்டியே நசுங்கித் தாங்க வேண்டும். எடை கூடினால் அந்த ஆற்றலும் கூடும். வேகம் 60லிருந்து 100 ஆனால் அது ஏறத்தாழ 2.8 மடங்கு!

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி சென்ற மெர்சிடிஸ் ஜிஎல்சி, பாலத்தின் தடுப்பில் மோதியது. முன்சீட்டில் இருந்த இருவர் காயத்தோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் இருந்த மிஸ்திரியும் இன்னொருவரும் இறந்தார்கள். அவர்கள் இருவரும் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ். நால்வரும் இருந்தது ஒரே சொகுசு வண்டியில்தானே?

மற்ற நம்பிக்கைகளுக்கு ஓரிரு வரி போதும்.

"4x4 இருந்தால் மழையில் பிரேக் நன்றாகப் பிடிக்கும்." பிடிக்காது. சேற்றில் கிளம்பவும் மேட்டில் ஏறவும் அது உதவும். நிறுத்துவது பிரேக்கும் டயரும்தான்.

"முன்னால் இரும்பு கார்டு போட்டால் பாதுகாப்பு." மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதற்குத் தடை சொல்லிவிட்டது. ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தையே அது கெடுக்கக்கூடும்.

"ஏர்பேக் இருக்க பெல்ட் எதற்கு?" ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணை, மாற்று அல்ல.

ஒப்பிட வேண்டியதை ஒப்பிடுங்கள். எத்தனை ஏர்பேக், எந்தெந்த சீட்டுக்கு? ஆபத்து நேரத்தில் தானே பிரேக் பிடிக்கும் வசதி நீங்கள் கேட்கும் மாடலில் உண்டா? குளோஸ்டரின் உயர்ரக மாடலில் அது 2020லேயே வந்தது. மூன்றாம் வரிசையில் நீங்களே உட்கார்ந்து, எல்லா பெல்ட்டையும் இழுத்து மாட்டிப் பாருங்கள்.

டெலிவரி எடுத்ததும் சீட் கவர் கடைக்கு ஓடுகிறோம். அங்கே பின்சீட்டு பெல்ட்டின் பக்கிளை உள்ளே தள்ளி, மேலே கவரை இழுத்துத் தைத்துவிடுகிறார்கள். அரைக்கோடி கொடுத்து வாங்கிய பாதுகாப்பு அந்த இடத்திலேயே போய்விடுகிறது. பக்கிளை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முன்சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் அதை மூடும் கவரே வேண்டாம். எந்த வண்டியை வாங்கினாலும், பின்னால் இருக்கும் அம்மாவும் பிள்ளைகளும் பெல்ட் மாட்டிய பிறகே கிளம்புங்கள்.