வீட்டிற்கும் காய்ச்சல் உண்டோ?

(பத்தாம் வகுப்பு மாணவி)

நமக்கு உடம்பு சரியில்லை என்றால் அம்மா முதலில் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்கள். வெப்பமானியைத் தேடுவது அதற்குப் பிறகுதான். ஒரு நகரத்திலுள்ள ஆயிரக்கணக்கான வீடுகளின் நெற்றியை, அதாவது கூரையை, இவ்வாறு சோதிக்க இயலுமா? இயலும். விமானத்தில் பறந்தபடி, தொடாமலேயே சோதிக்கிறார்கள்.

கனடா நாட்டில் ராக்கி மலைகளுக்குக் கிழக்கே கால்கரி என்னும் நகரம் உள்ளது. குளிர்காலத்தில் சில இரவுகளில் அங்கே வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கிவிடும். மின்விசிறியின் அடியில் அமர்ந்து இதை எழுதும் நமக்கு எண்ணிப் பார்க்கவே நடுக்கமாக இருக்கிறது! அங்கு பெரும்பாலான வீடுகளில் இயற்கை வாயுவை எரித்து அறைகளைச் சூடாக்குகிறார்கள். கூரைக்கடியில் பரப்பும் கண்ணாடி இழைப் பஞ்சு போதாவிட்டாலும், இடுக்குகள் இருந்தாலும், அந்தச் சூடு வெளியே போய்விடும். பணமும் விரயம், எரிபொருளும் விரயம், கரியமில வாயுவும் பெருகுகிறது. குழாய் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். வெப்பம் ஒழுகினால் தெரியாதே!

தெரியாததைத் தெரியவைக்கும் வழிக்கு வித்திட்டவர் வில்லியம் ஹெர்ஷல். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த அதே வானியலறிஞர்தான். 1800-ஆம் ஆண்டில் அவர் சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தி, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்தையும் தாண்டி, ஒளியே தென்படாத இடத்தில் வைத்த வெப்பமானி மற்றவற்றைவிட அதிகமாக ஏறிற்று. அங்கே விழுந்தவையே அகச்சிவப்புக் கதிர்கள். சூரியன் மட்டுமன்று, நம் உடல், சுவர், ஓடு, பனிக்கட்டிகூட இக்கதிர்களை வெளிவிடுகின்றன. சூடு மிகுந்தால் கதிரும் மிகும். வீட்டுக் கூரைகள் விடும் கதிர்களைப் பிடிக்க 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அலைநீளங்களை உணரும் காமிரா வேண்டும்.

கால்கரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜெஃப்ரி ஹே தலைமையில் நடந்த 'ஹீட்' என்ற திட்டத்தில் இத்தகைய காமிராவை விமானத்தில் பொருத்திப் படம் எடுத்தார்கள். நகர மக்கள் வரைபடத்தில் தத்தம் வீட்டைத் தேடி, கூரையில் எந்த இடத்தில் வெப்பம் கசிகிறது என்று காண வழி செய்தார்கள். 2013-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பருவநிலைப் போட்டியில் இத்திட்டம் முதன்மைப் பரிசைப் பெற்றது.

படம் எடுப்பதற்கும் வேளை பார்க்க வேண்டும். பகலில் எடுத்தால் வெயிலில் காய்ந்த ஓடு நம்மை ஏமாற்றிவிடும். ஆகவே குளிர்ந்த இரவாக, மேகமும் பலத்த காற்றும் இல்லாததாக, கூரையில் பனியோ ஈரமோ இல்லாததாக இருக்க வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் படம் பொய் சொல்வதுண்டு. எங்கள் விஞ்ஞான ஆசிரியையான சிஸ்டர் ஒரு நாள் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கொண்டுவந்தார்கள். ஒன்றின் வெளிப்புறத்தை விளக்குப் புகையில் காட்டிக் கரியாக்கி, இரண்டிலும் கொதிநீர் ஊற்றி, தொடாமல் அருகே கையை வைக்கச் சொன்னார்கள். கரிய டம்ளரின் பக்கம் கை நன்றாகச் சுட்டது. பளபளத்த டம்ளரின் பக்கம் அவ்வளவாக இல்லை. நீரோ ஒரே சூடு! பளபளப்பான உலோகம் கதிரைக் குறைவாகவே வெளிவிடும். போதாக்குறைக்குக் குளிர்ந்த வானத்தைக் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும். எனவே தகரக் கூரை வேய்ந்த வீடு, வெப்பம் வீணானாலும் படத்தில் குளிர்ந்தே தெரியும்.

"வீட்டிற்குள் நாம் இருப்பதும் தெரிந்துவிடுமோ?" என்று தோழியர் சிலர் கேட்டனர். தெரியாது. இக்கதிர்கள் கூரையை ஊடுருவா. சாதாரண ஜன்னல் கண்ணாடியைக்கூட ஊடுருவா. ஆயினும் கனடா நாட்டில் ஒருவருடைய வீட்டைக் காவல்துறையினர் விமானத்திலிருந்து இவ்வாறு படமெடுத்தது வழக்காயிற்று. 2004-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனைக் குற்றமாகக் கொள்ளவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, தெருவிலிருந்து எடுத்த வெப்பப் படம் பற்றிய வழக்கில், நீதிபதியின் ஆணையின்றி அவ்வாறு எடுப்பது தவறு என்று 2001-இலேயே தீர்ப்பளித்திருந்தது. எங்களில் பெரும்பாலோர் அமெரிக்கத் தீர்ப்பின் பக்கமே! அதற்காக, வீட்டுக்காரரே பார்த்துச் செப்பனிட உதவும் படத்தை வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது.

எங்களை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. வரைபடத்தில் ஒரு வீடு நன்கு குளிர்ந்து, கருநீலமாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். வெப்பத்தை வீணாக்காத நல்ல வீடு என்று உடனே பாராட்டத் தோன்றும். ஆனால் அங்கே ஒரு பாட்டி தனியாக இருக்கலாம். வாயுவுக்குப் பணம் கட்ட முடியாமல் அடுப்பைத் தணித்துவிட்டு, இரண்டு கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவருடைய கூரையில் பஞ்சே இல்லாமலும் இருக்கலாம். உள்ளே சூடு இருந்தால்தானே வெளியே கசிவதற்கு! விமானம் காண்பது கூரையின் வெப்பத்தை மட்டுமே. உள்ளே எத்தனை டிகிரி என்பதை அறிய யாராவது படியேறிப் போய்ப் பாட்டியின் கதவைத் தட்டத்தான் வேண்டும்.