பசளை மானியமும் வயற் பதிவேடும்

கண்டிப் பகுதிக் கமக்காரருக்கு

நெற்பயிருக்குப் பசளையை உரிய நாளில் இடுதல் வேண்டும். நாள் தவறிய பின் இரட்டிப்பாக இட்டாலும் விளைவு ஈடாகாது. அந்நாளிற் கையிற் பணமில்லாக் கமக்காரருக்கு உதவும் பொருட்டே அரசாங்கம் மானியம் வழங்குகின்றது. ஆயினும் வயலிற் பாடுபடுபவர் ஒருவராகவும் மானியம் பெறுபவர் மற்றொருவராகவும் இருத்தல் கூடும். அது நேரும் விதத்தையும் தவிர்க்கும் வழியையும் இங்கு கூறுவோம்.

மானியம் வந்த வழி

இலங்கையிற் பசளை மானியம் 1962ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. 1990இல் நிறுத்தப்பட்டு, 1994இல் மீண்டும் வந்தது. 2005/06 பெரும்போகம் முதல் நெற்செய்கையாளருக்கு 50 கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கொடுக்கப்பட்டது. 2016இல் மூடைக்குப் பதிலாகப் பணமும், 2018இல் மறுபடியும் மூடையும் வழங்கப்பட்டன. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீங்கிற்று. அதன்பின் பணமாகவே கொடுக்கும் முறை திரும்பிற்று. 2024/25 பெரும்போகத்திற்கு ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவாக இருந்த தொகை 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. உச்ச அளவு 2 ஹெக்டேயர்.

மூடையாயினும் பணமாயினும் அதற்குரிய வாயில் ஒன்றே. அது கமநல சேவை நிலையத்திலுள்ள பதிவேடாகும்.

உமது பங்கு எவ்வளவு?

மினிப்பேயின் நீர்ப்பாசன வயல்கள் ஏக்கர்க் கணக்கில் அமைந்தவை. உடுநுவர, யட்டிநுவரப் பகுதிகளின் படிக்கட்டு வயல்களோ பெரும்பாலும் பேர்ச்சுக் கணக்கில் அளக்கப்படுபவை. ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய 395 பேர்ச்சு. ஆகவே ஹெக்டேயருக்கு 25,000 ரூபா என்னும் வீதத்தில், 80 பேர்ச்சு, அதாவது அரை ஏக்கர் வயலுக்குச் சுமார் 5,060 ரூபாவும், 40 பேர்ச்சு வயலுக்குச் சுமார் 2,530 ரூபாவும் கிடைக்கும். தொகை சிறிதெனினும் சிறு கமக்காரருக்கு அது பெரிதே.

பெயர் மாறும் இடங்கள்

கண்டிப் பகுதியில் உடன்பிறந்தார் வயலைத் துண்டாடாது, ஆண்டுக்கு ஒருவராக முறைவைத்துச் செய்வதுண்டு. இதனைத் தட்டுமாறு என்பர். மூத்தவர் முறை முடிந்து இளையவர் ஏர் பூட்டும்போது, பதிவில் மூத்தவர் பெயரே நிற்குமாயின், பணம் அவர் கணக்கிற் சேரும். பசளைக் கடனோ இளையவர் தலையில் விழும்.

அந்தே முறையில் வாரத்துக்குச் செய்வோர் நிலை இன்னும் கடினமானது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் முதல், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வரை, வாரக்குடியைக் காக்கும் ஏற்பாடுகள் உண்டு. எனினும் பதிவிற் பெயரில்லாதவர் தம் உரிமையை நிலைநாட்டுதல் அரிது. பெயரைப் பதிந்தால் காணி கைவிட்டுப் போகுமென்று உரிமையாளர் சிலர் அஞ்சுவர். பதிவேட்டில் உரிமையாளர் பெயரும் பயிரிடுபவர் பெயரும் தனித்தனியே எழுதப்படும். காணியின் உரித்து வேறு. பயிரிடும் உரிமை வேறு. இதனை இருவரும் அமர்ந்து பேசித் தெளிதல் நன்று.

மரக்கறி செய்வோர்க்கு

மேற்சொன்ன தொகை நெல்லுக்கு உரியது. சிறுபோகத்தில் வயலிற் போஞ்சி, தக்காளி முதலியன நடுவோர் அதனை நெல்லென்று பதிதல் தகாது. நட்ட பயிரை உள்ளபடி பதிக. பிற பயிர்களுக்கு உதவி அறிவிக்கப்படும்போது அப்பதிவே சான்றாகும்.

நினைவிற் கொள்க

1. போகக் கூட்டத்துக்குத் தவறாது செல்க. அப்போகத்துக்குரிய வீதத்தை ஆங்கு கேட்டறிக.

2. முறை மாறினால், உழவு தொடங்குமுன் உடன்பங்காளருடன் நிலையத்துக்குச் சென்று பெயரை மாற்றுக.

3. பதிந்த பரப்பளவையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் உமது கண்ணாற் சரிபார்க்க.

4. பிழை காணின், கமக்காரர் அமைப்பின் வாயிலாக எழுத்தில் முறையிட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்க.

வரப்பைச் செப்பனிடும் நாளிலேயே பதிவையும் செப்பனிடுவீராக. உழுதவர் கைக்கே உதவி சேரும்.