முன் சக்கரம் ஆடினால் எந்த மூட்டைப் பார்ப்பது?

கேள்வி: என்னிடம் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 இருக்கிறது. அப்பா ஓடிய கார். வீட்டு ஒழுங்கையிலிருந்து பின்னுக்கு எடுக்கையில் ஸ்டியரிங்கை முழுதாக வெட்டினால், இடது முன் சக்கரப் பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. நேராக ஓடும்போது சத்தமில்லை. ஆனால் மணிக்கு ஐம்பது கிலோமீற்றரைத் தாண்டினால் கார் அலைகிறது. இடது ரயரின் உள்விளிம்பும் மொட்டையாகிவிட்டது. ஒரு கராச்சில் றாக் மாற்றவேண்டும் என்றார்கள். இன்னொரு கராச்சில் முன்பக்கம் முழுவதையும் கழற்றிப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். எது சரி ஐயா? சாமான் வரும்வரை மெதுவாக ஓடலாமா?
— வாசகர், கோண்டாவில்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓடவேண்டாம், மெதுவாகவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் சத்தம் மைனரில் ஒரேயொரு இடத்தை உடனே நினைக்க வைக்கிறது. அந்த இடம் முற்றாகக் கைவிட்டால் சக்கரம் மட்காட்டுக்குள் மடிந்து, காரின் மூக்கு தெருவில் விழும். அது பெரும்பாலும் வேகமாகப் போகும்போது நடப்பதில்லை. ஸ்டியரிங்கை வெட்டிப் பின்னுக்கு எடுக்கும் நேரத்திலும், சந்தியில் மெதுவாகத் திருப்பும் நேரத்திலும்தான் நடக்கும். ஆகவே ‘மெதுவாக’ என்பது இங்கே பாதுகாப்பில்லை.

ஏன் அந்த இடம் என்பதைச் சொல்லவேண்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் வெளிவந்த இந்தக் காரில், முன்பக்கம் ஒற்றை அச்சு கிடையாது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். சக்கரத்தைத் தாங்கி நிற்பது நிமிர்ந்த ஓர் இரும்புக் கால். கராச்சுகளில் அதைக் கிங்பின் என்பார்கள். அதன் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் மரை வெட்டியிருக்கிறது. மேல் மரை ட்றனியன் எனப்படும் ஒரு மரைக்கூட்டுக்குள்ளும் கீழ் மரை இன்னொரு ட்றனியனுக்குள்ளும் திருகப்பட்டிருக்கும். நீங்கள் ஸ்டியரிங்கை வெட்டும்போதெல்லாம் கிங்பின் அந்த மரைகளுக்குள்தான் சுழல்கிறது. பந்து மூட்டும் இல்லை, பெயரிங்கும் இல்லை. காரின் முன்பாரத்தில் அந்தப் பக்கத்துக்குரிய பங்கைக் கீழ் மரையின் சில சுற்றுகளே தாங்குகின்றன. அவற்றுக்கிடையே இருக்கவேண்டியது கிறீஸ். அது இல்லாவிட்டால் இரும்பை இரும்பு தின்னும்.

நமது பக்கத்தில் இந்தக் கார்களின் எஞ்சின்களுக்குக் கிடைத்த கவனிப்பு வேறெங்கும் கிடைத்திருக்காது. பெற்றோல் தடைப்பட்டிருந்த தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகள் நம்முடையவை. காபரேற்றரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே காரின் கீழ் ட்றனியனில் கிறீஸ் நிப்பிள் எங்கே இருக்கிறதென்று கேட்டால் குனிந்து தேடவேண்டியிருக்கிறது. எஞ்சின் நின்றால் கார் ஓரமாக நிற்கும், அவ்வளவுதான். இந்த மூட்டு போனால் காரை உங்கள் கையில் வைத்திருக்க முடியாது.

சரி, சோதனைக்கு வருவோம். ஒரு பாகத்தையும் வாங்குமுன் இதைச் செய்யுங்கள். உதவிக்கு ஒருவர் வேண்டும்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜக்கை, கீழ் ட்றனியனைச் சட்டத்தோடு இணைக்கும் கையான லோவர் ஆமுக்கு அடியில், ட்றனியனுக்கு எவ்வளவு கிட்ட வைக்க முடியுமோ அங்கே வைத்துச் சக்கரம் நிலத்தைவிட்டுச் சற்று எழும்வரை தூக்குங்கள். சட்டத்துக்கு அடியில் ஒரு ஸ்டான்டும் நிற்கட்டும். வழக்கம்போலச் சட்டத்தில் மட்டும் ஜக் வைத்துத் தூக்கினால் சோதனை பொய் சொல்லும். மைனரில் ஸ்பிறிங்கின் வேலையைச் செய்வது நீளவாக்கில் கிடக்கும் முறுக்குக் கம்பி. சக்கரம் தொங்கும்போது அந்தக் கம்பி லோவர் ஆமைக் கீழே அழுத்தி மூட்டை இறுக்கிப் பிடித்துவிடும். தேய்ந்த மரைகூட அப்போது இறுக்கமாகத் தெரியும். பல கராச்சுகளில் “ஆட்டம் இல்லை” என்று சொல்லி அனுப்பப்படும் கார்கள் இப்படித் தூக்கிப் பார்க்கப்பட்டவைதான்.

அடுத்து, மூட்டைத் துணியால் துடையுங்கள். நன்றாகத் துடையுங்கள். விற்பனைக்கு வரும் கார்களில் இந்த இடத்தில் மட்டும் புதுக் கிறீஸ் அப்பியிருந்தால் அதைச் சந்தேகத்தோடு பாருங்கள். தடித்த கிறீஸ் கொஞ்ச நாளுக்கு ஆட்டத்தையும் சத்தத்தையும் மறைத்துவிடும். துடைத்த இடத்தில் மரையின் வாயோரம் செம்பழுப்பு நிறத்தில் மாப்போன்ற தூள் ஒட்டியிருந்தால் மூட்டு வறண்டு ஓடியிருக்கிறது. கிறீஸை விரலிடுக்கில் தேய்த்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுங்கினால் அது மரையிலிருந்து வந்த இரும்பு.

இப்போது சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து, உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆடுகிறதா? உதவிக்கு நிற்பவரைப் பிறேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிறேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் குறை சக்கர பெயரிங்கில். பிறேக் பிடித்தும் ஆடினால் கிங்பின் மூட்டுகளில். அதிலும் எது என்பதைக் கண்ணைவிடப் பெருவிரல் நன்றாகச் சொல்லும். விரலில் பாதி ட்றனியனிலும் பாதி கிங்பின்னிலும் படும்படி வைத்துக்கொண்டு மற்றவரை ஆட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையே அசைவு இருந்தால் விரல் அந்த விலகலை உணரும். மேல்பக்கம் பார்க்கும்போது ஷொக்கையும் மறக்காதீர்கள். இந்தக் காரில் ஷொக்கின் கைதான் மேல் ஆம். ஷொக்கின் தண்டு தேய்ந்திருந்தாலும் சக்கரத்தின் மேல்பக்கம் ஆடும். அதைத் தெரியாமல் மேல் ட்றனியனைக் குறை சொல்வார்கள்.

பிறகு முக்கியமான சோதனை. ரயருக்கு அடியில் நீளமான ஓர் அலவாங்கைக் கொடுத்துச் சக்கரத்தை நேர்மேலே மெதுவாக நெம்புங்கள். கண் கீழ் ட்றனியனில் இருக்கட்டும். லோவர் ஆம் அசையாமல் நிற்கக் கிங்பின் மட்டும் ‘டக்’ என்று மேலே எழுந்து விழுந்தால், நீங்கள் ஒழுங்கையில் கேட்ட சத்தம் அதுதான். கார் அன்றிலிருந்து ஓடக்கூடாது.

ஒன்பது மணிக்கும் மூன்று மணிக்கும் முள் நிற்கும் இடங்களில் சக்கரத்தைப் பிடித்து இடம் வலமாக ஆட்டினால் ரை ரொட் என்ட், றாக் ஆகியவற்றின் ஆட்டம் தெரியும். உங்கள் கார் அலைவதில் இவற்றுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் முழு வெட்டில் மட்டும் கேட்கும் சத்தத்துக்கு றாக்கை மாற்றச் சொன்னவர் சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். பிறேக் அடிக்கும்போது ஒரு ‘டொக்’ கேட்டால் வேறு கதை. அது லோவர் ஆமைச் சட்டத்தோடு கட்டும் கம்பியின் றப்பர் புஷ்.

ரயரைப் பற்றி: உள்விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து ஓடியிருக்கிறது. மூட்டும் புஷ்ஷும் விட்டுக்கொடுத்தால் பாரம் சக்கரத்தை அப்படித்தான் சாய்க்கும். உள்ளங்கையால் குறுக்கே தடவும்போது வாள்பல் மாதிரிக் கீறினால், இரு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

இனித் திருத்துவது. முன்பக்கம் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. கீழ் ட்றனியனில் ஆட்டம் என்று உறுதியானால் கிங்பின்னையும் ட்றனியனையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த ஆணில் புதுப் பெண் மரையைப் பூட்டுவது காசைக் கரைக்கும் வேலை. ஒரு பக்கம் போயிருந்தால் மறுபக்கமும் அதே வயதுதான், அதையும் பாருங்கள். கூடவே ட்றனியன் புஷ்களையும் லோவர் ஆம் புஷ்களையும் போட்டுவிடுங்கள். அவை விலை குறைந்தவை, கழற்றும் கூலிதான் அதிகம்.

சிலர் பழைய கிங்பின்னுக்கு வெல்டிங் நிரப்பி லேத்தில் மரை வெட்டித் தருவார்கள். நம் லேத்காரர்களின் கைத்திறமையில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவர்கள் கடைந்து தந்த எத்தனையோ சாமான்களில் இந்த ஊர் ஓடியிருக்கிறது. ஆனால் இந்த ஒரு பாகத்தில் அதைச் செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெல்டிங்கின் சூடு உருக்கின் தன்மையை மாற்றிவிடும். அது எங்கே வெடிக்கும், எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பாகங்கள் பிரித்தானியாவில் இன்னும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. எல்லாம் ஒரே தரமில்லை. பெட்டியிலிருந்து எடுத்ததும் கிறீஸ் போடாமல், ட்றனியனைக் கிங்பின்னில் கையால் திருகிப் பாருங்கள். இறுக்காமல் ஓடவேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக்கூடாது. ஆடினால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வாங்கும்போது எந்தப் பக்கத்துக்கு என்றும் கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு வலது மரை, மற்றப் பக்கத்துக்கு இடது மரை. மாறி வந்ததைப் பலவந்தமாகத் திருகிப் புதுச் சாமானைப் பழுதாக்குகிறவர்கள் உண்டு.

கழற்றும் வேலையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முறுக்குக் கம்பியில் காரின் பாரம் சேமிக்கப்பட்டிருக்கிறது. கீழ் ட்றனியனை விடுவிக்குமுன் லோவர் ஆமின் கீழ் உறுதியான ஜக் நிற்கவேண்டும். விடுவித்த பின் ஜக்கைக் கொஞ்சங் கொஞ்சமாக இறக்கி அந்த முறுக்கை ஆற்றவேண்டும். ஜக் இல்லாமல் போல்டைத் தட்டினால் ஆம் அடித்துக்கொண்டு இறங்கும். கை அங்கே இருந்தால் கை போய்விடும். தனியாக இந்த வேலையில் இறங்காதீர்கள். முறுக்குக் கம்பியைக் கழற்ற நேர்ந்தால் இடது வலது மாறாமல் அடையாளமிட்டு வையுங்கள். ஒரு திசையில் முறுகிப் பழகிய கம்பியை மற்றப் பக்கத்தில் போடக்கூடாது. பிறேக் தட்டைக் கழற்றியதும் அதைக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

பூட்டும்போது ட்றனியனைக் கடைசிவரை திருகிவிட்டுச் சற்றுத் தளர்த்துங்கள். இரு பக்கமும் முழு வெட்டுக்குப் போய்வர இடிக்காமல் இருக்கவேண்டும். றப்பர் புஷ் உள்ள நட்டுகளைக் காரை நிலத்தில் இறக்கி, அதன் சொந்தப் பாரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்கவேண்டும். தூக்கி வைத்தபடியே இறுக்கினால் கார் இறங்கியதும் றப்பர் முறுகியே நிற்கும், சில மாதங்களில் கிழியும். எல்லாம் முடிந்தபின் சக்கர நேர் பாருங்கள். முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட 3/32 அங்குலம், ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர், உள்வாங்கி இருக்கவேண்டும். புது ரயரை அதற்குப் பிறகு வாங்குங்கள்.

கேள்வி: மைனரின் முன்பக்கத்துக்கு எவ்வளவு ஓட்டத்துக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கவேண்டும்? சேர்விஸ் நிலையத்தில் அடித்தாலும் சில மாதத்தில் ஸ்டியரிங் இறுகிவிடுகிறது.
— வாசகி, வேலணை

பதில்: 1,000 மைலுக்கு, அதாவது 1,600 கிலோமீற்றருக்கு ஒருமுறை. குறைவாக ஓடுகிறவர் என்றால் மைலைப் பார்க்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடியுங்கள். நீங்கள் பண்ணைப் பாலத்தால் உப்புக் காற்றில் போய்வருகிறவர், மாரியில் வெள்ளத்துக்குள் இறங்கியிருந்தால் அந்த வாரமே அடியுங்கள்.

உங்கள் ஸ்டியரிங் இறுகுவதைப் பார்த்தால் கிறீஸ் மரைக்குள் போகவேயில்லை. சக்கரம் நிலத்தில் நிற்க அடித்தால் பாரம் மரையின் ஒரு முகத்தை அழுத்திக்கொண்டிருக்கும், அங்கே கிறீஸ் நுழையாது. சக்கரத்தைத் தூக்கி, ஒருவர் ஸ்டியரிங்கை அந்தத் தொங்கலிலிருந்து இந்தத் தொங்கல்வரை திருப்ப, மற்றவர் அடிக்கவேண்டும். பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே வந்து, பிறகு புதியது வரும்வரை விடாதீர்கள். ஒன்றும் வெளியே வராவிட்டால் நிப்பிள் அடைபட்டிருக்கிறது. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள், அல்லது புதிதாகப் போடுங்கள். சாதாரண லித்தியம் கிறீஸ் போதும். முன்னால் நின்று பாருங்கள். இதைச் சேர்விஸ் பையனின் அவசரத்துக்கு விடாதீர்கள்.

கேள்வி: முன் சக்கர பெயரிங் புதிதாகப் போட்டும் இரண்டு மாதத்தில் மறுபடி ஆட்டம். மெக்கானிக் நட்டை இறுக்கி, கால் சுற்றுத் தளர்த்திப் பூட்டினார். பெயரிங் பிழையா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: பெயரிங் பிழையாக இருக்காது, பூட்டிய முறைதான் பிழை. இறுக்கித் தளர்த்துவது கூம்பு உருளை பெயரிங்குக்கு உரிய முறை. மைனரில் தொழிற்சாலை போட்டது குண்டு பெயரிங். உள் பெயரிங்குக்கும் வெளி பெயரிங்குக்கும் நடுவே ஓர் இடைக்குழாய் இருக்கும். நட்டை முழுதாக இறுக்கினால்தான் இரண்டு பெயரிங்கின் உள்வளையங்களும் அந்தக் குழாயும் ஒன்றாகக் கவ்விக்கொள்ளும். தளர்த்தினால் உள்வளையம் தண்டின் மேல் வழுக்கிச் சுற்றத் தொடங்கி, தண்டையும் தேய்க்கும்.

கழற்றியதும் முதலில் அந்தக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ ஒருவர் முன்பு எறிந்துவிட்டிருக்கலாம். பெயரிங்கின் ஒரு முகத்தில் ‘திரஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல் பொறித்திருக்கும், இரண்டிலும் அந்த முகம் இடைக்குழாயைப் பார்க்கவேண்டும். தண்டில் பெயரிங் உட்காரும் இடத்தை நகத்தால் தடவுங்கள். படி தட்டுப்பட்டால் தண்டு தேய்ந்துவிட்டது. அதன்மேல் எந்தப் புது பெயரிங்கும் நிற்காது, தண்டையும் மாற்றவேண்டும். இடையில் யாராவது கூம்பு பெயரிங்குக்கு மாற்றியிருந்தால் அதற்கு உங்கள் மெக்கானிக் செய்த முறைதான் சரி. ஆகவே உள்ளே எது இருக்கிறதென்று பார்த்துவிட்டு நட்டைத் தொடுங்கள். எதுவானாலும் புதுப் பிளவூசி போட்டுப் பூட்டுங்கள், பழையதை நிமிர்த்திப் போடவேண்டாம்.